பாரமான பட்டத்துக்கு எந்தப் பொருள்: பனையோலைப் பாயா, பலகையா, தகடா?

வரும் தை மாதத்து வாடைக் காற்றில் ஏற்றுவதற்கென்று பாரமான பட்டம் ஒன்றைக் கட்டுவதென யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நாங்கள் ஐந்து பேர் தீர்மானித்திருக்கிறோம். திசுத்தாள், பொலித்தீன், நைலோன் துணி ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்பதும், பட்டத்துக்கு ஆகாது என்று எல்லோரும் ஒதுக்கிவைக்கும் ஒரு பொருளாலேயே அதன் உடல் முழுவதும் அமைய வேண்டும் என்பதும், நீளம் 8 அடியும் அகலம் 6 அடியும் இருக்க வேண்டும் என்பதும், ஏறிய பட்டம் குறைந்தது ஒரு மணித்தியாலம் வானில் நிற்க வேண்டும் என்பதும் நாங்கள் எங்களுக்கே விதித்துக்கொண்ட நிபந்தனைகள். எந்தப் பொருள் என்பதில்தான் உடன்பாடு வரவில்லை. சாக்கு, தகரம், அலுமினியத் தகடு, ஒட்டுப்பலகை, பனையோலைப் பாய் என்று ஐந்து பேரிடமிருந்தும் ஐந்து யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றையும் நிறுத்து, கணக்குப் பார்த்து, சிலவற்றைச் சிறிய அளவில் கட்டியும் பார்த்த பின் நான் வந்தடைந்த முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். இதே எண்ணத்தோடு இருக்கும் வேறு ஊர்க் குழுக்களுக்கும் இவை பயன்படலாம்.

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை. அங்கே விலங்குகளின் உருவிலும் ஊர்திகளின் உருவிலும் ஏறுகின்ற பட்டங்களைக் கட்டுகிறவர்கள், மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைத்து, தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு சிராயையும் சீவி எறிந்து, பாரத்தைக் கிராம் கிராமாகக் குறைப்பதற்கே வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், பாரம் உண்மையில் எவ்வளவு தூரம் தடையாக இருக்கிறது என்பதை மறுமுனையிலிருந்து அளந்து பார்க்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் கணக்கு. ஒரு பட்டம் மொத்தமாக எத்தனை கிலோகிராம் என்பது அது ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிப்பதில்லை. அதன் பாரத்தை அதன் பரப்பளவால் வகுத்தால் வருகின்ற எண்ணே தீர்மானிக்கிறது. காற்று பட்டத்தைத் தூக்கும் விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். தட்டையான பட்டம் ஒன்றின் தூக்குக் குணகத்தை (காற்றின் அழுத்தத்தில் எவ்வளவு தூக்கும் விசையாக மாறுகிறது என்பதைக் காட்டும் எண்ணை) 0.8 என்றும் காற்றின் அடர்த்தியைக் கன மீற்றருக்கு 1.2 கிலோகிராம் என்றும் எடுத்துக்கொண்டால், ஒரு சதுர மீற்றருக்கு கால் கிலோகிராம் சுமக்கும் பட்டம் தன்னைத் தானே தாங்குவதற்கு மணிக்கு 8 கிலோமீற்றர் வேகக் காற்றும், 1 கிலோகிராம் சுமக்கும் பட்டத்துக்கு 16 கிலோமீற்றர் வேகக் காற்றும், 4 கிலோகிராம் சுமக்கும் பட்டத்துக்கு 32 கிலோமீற்றர் வேகக் காற்றும் போதும். பாரம் நான்கு மடங்காகும்போது தேவையான காற்று இரண்டு மடங்குதான் ஆகிறது. இந்த ஒரு உண்மைதான் எங்களுக்கு நம்பிக்கையைத் தந்தது. எனினும் கயிறும் வாலும் பட்டத்தைக் கீழ்நோக்கி இழுப்பதாலும், காற்று ஒரே சீராக வீசாததாலும், கணக்கில் வரும் வேகத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கிப் பார்ப்பதே பாதுகாப்பானது. நான் 1.4 ஆல் பெருக்கிக்கொள்கிறேன்.

பாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் பொருளைத் தெரிவதற்கு முன்னர் விளங்கிக்கொள்ள வேண்டும். யப்பானின் கசுகாபே நகரில் ஆண்டுதோறும் மே மாதம் 3ஆம், 5ஆம் திகதிகளில் எடோ ஆற்றங்கரையில் ஏற்றப்படும் பெரும் பட்டம் 15 மீற்றர் நீளமும் 11 மீற்றர் அகலமும் 800 கிலோகிராம் பாரமும் கொண்டது. அது தாளாலும் மூங்கிலாலும் ஆனது. பாரமான பொருள் என்று அதில் எதுவும் இல்லை. ஆனாலும் 800ஐ 165 சதுர மீற்றரால் வகுத்தால் சதுர மீற்றருக்கு 4.8 கிலோகிராமுக்கு மேல் வருகிறது; நாங்கள் எண்ணியிருக்கும் தகரப் பட்டத்தைவிட அது பாரமானது. பட்டம் பெருக்கப் பெருக்க அதன் பரப்பளவு வர்க்கமாகக் கூடும்போது சட்டத்தின் பாரம் மூன்றாம் படியாகக் கூடுகிறது என்பதே காரணம். அலெக்சாண்டர் கிரகாம் பெல் இந்தச் சிக்கலுக்கு விடை தேடியே சிறிய நான்முகிக் கூடுகளை நூற்றுக்கணக்கில், பின்னர் ஆயிரக்கணக்கில், ஒன்றோடொன்று பிணைத்தார். ஒரு கூட்டின் பாரத்துக்கும் பரப்பளவுக்கும் உள்ள விகிதம் எத்தனை கூடுகள் சேர்ந்தாலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பது அவருடைய கருத்து. 3,393 கூடுகள் கொண்ட அவருடைய பட்டம் 1907 டிசம்பரில் கனடாவின் பிராடோர் ஏரிக்கு மேலே ஓர் ஆளைச் சுமந்து 168 அடி உயரத்தில் ஏழு நிமிடம் நின்றது. எங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய பாடம்: உடலுக்குப் பாரமான பொருளைத் தெரிந்தால், அந்தப் பொருளே தன்னை ஓரளவு விறைப்பாக வைத்துக்கொள்ளுமா, அல்லது அதற்கு மேல் பாரமான சட்டத்தையும் கேட்குமா என்பதைச் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

அடுத்தது காற்றும் இடமும். மார்கழி கடைசியிலும் தை மாதத்திலும் எங்கள் பக்கத்தில் வாடை கடலிலிருந்து வருகிறது. மரமும் வீடும் தடுக்காமல் பாக்கு நீரிணையைக் கடந்து வரும் காற்று என்பதால் அது சீரானது. பட்டக்காரர்கள் வடகரையை விரும்புவது இதனால்தான். ஆனால் கடலிலிருந்து வரும் காற்றில் ஏறும் பட்டம் நிலத்துக்கு மேலேயே நிற்கும். அறுந்தால் ஊருக்குள்ளேயே விழும். திசுத்தாள் பட்டம் கூரையில் விழுந்தால் பிள்ளைகள் ஏணி வைத்து எடுப்பார்கள். 6 கிலோகிராமோ 13 கிலோகிராமோ உள்ள ஒன்று விழுந்தால் நிலைமை வேறு. ஆகவே பொங்கல் நாள் கூட்டத்தில் இந்தப் பட்டத்தை ஏற்றுவதில்லை என்றும், மணற்காட்டு மணற்குன்றுகளில் ஆட்கள் இல்லாத ஒரு காலைப் பொழுதில் மட்டும் ஏற்றுவதென்றும் பொருள் பற்றிய பேச்சு தொடங்குமுன்பே உடன்பட்டோம். பலாலி விமான நிலையத்திலிருந்து அந்த இடம் விலகியிருப்பதும் ஒரு காரணம். குன்றுகளை அடுத்துள்ள சவுக்கங்காட்டின் பக்கம் பட்டம் சாயாதபடி நிற்கும் இடத்தைத் தெரிய வேண்டும். அது பெரிய சிரமமில்லை.

காற்றின் வேகத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. போஃபோர்ட் அளவீடு அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. புழுதி எழும்பி, தாள் துண்டுகள் பறந்து, சிறு கிளைகள் அசைந்தால் அது நான்காம் தரக் காற்று, அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர் வரை. இலை நிறைந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் ஐந்தாம் தரம், 29 முதல் 38 வரை. பெருங்கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது சிரமமானால் ஆறாம் தரம், 39 முதல் 49 வரை. தை மாதத்தில் நான்காம் தரக் காற்றுக்காகப் பல நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் தரக் காற்று வீசும் நாளில் பாரமான பட்டத்தோடு வெளியே போவது விவேகமில்லை. பொருளைத் தெரிவதற்கு இந்த எல்லைகளே எனக்கு அளவுகோலாக இருந்தன.

சில யோசனைகளை விரைவாகவே விலக்கிவிட்டோம். மெல்லிய சீமெந்துத் தட்டு என்று ஒருவர் சொன்னார். 5 மில்லிமீற்றர் தடிப்பில் வார்த்தாலும் சதுர மீற்றருக்கு 12 கிலோகிராம் வரும். அதைத் தூக்க, கணக்கின்படியே மணிக்கு 56 கிலோமீற்றர் காற்று வேண்டும். பழைய எக்ஸ்றே படலங்களை ஒட்டிக் கட்டலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சதுர மீற்றருக்குக் கால் கிலோகிராம் அளவிலேயே வரும் அந்தப் பொருளைப் பாரமானது என்று அழைப்பது நேர்மையாகாது. அட்டைப்பெட்டி விறைப்பானது, மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் மார்கழிப் பனியில் ஒரு இரவு இருந்தால் காலையில் அது தோய்ந்த துணிபோலத் தொங்குகிறது.

சணல் சாக்கின் பக்கம் இரண்டு பேர் உறுதியாக நின்றார்கள். சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 400 கிராம். 8 அடிக்கு 6 அடி என்றால் பரப்பளவு 4.46 சதுர மீற்றர், ஆகவே சாக்கு மட்டும் 1.8 கிலோகிராம். தானாக விறைத்து நிற்காத பொருள் என்பதால் சட்டம் முழுமையாக வேண்டும், அது 2.2 கிலோகிராம் ஆகும். மொத்தம் 4 கிலோகிராம், சதுர மீற்றருக்கு 0.9. தாளில் பார்த்தால் ஐந்திலும் இலேசாக ஏறக்கூடியது இதுதான். குறை நெசவில் இருக்கிறது. விரல் நுனியால் விலக்கக்கூடிய அளவுக்கு இழைகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் காற்று தங்காமல் ஊடுருவிப் போய்விடுகிறது. நாங்கள் கட்டிப் பார்த்த மூன்றடிச் சாக்குப் பட்டம் ஓடும்போது எழும்பியது, நின்றபோது இறங்கியது. பசை பூசி இடைவெளியை அடைக்கலாம். ஆனால் சணல் பசையைக் குடிக்கும் அளவைப் பார்த்த பின், அடைத்து முடிக்கும்போது பாரம் இரண்டு மடங்காகிவிடும் என்பது தெளிவாயிற்று. உரச் சாக்கு காற்றை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது இலேசான பிளாஸ்ரிக் துணியே என்பதால் எங்கள் நிபந்தனைக்குள் வராது.

தகடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர்களை வியக்கவைக்கும் ஆற்றல் அவற்றுக்கே உண்டு. வெய்யிலில் மின்னிக்கொண்டு ஒரு தகரம் வானில் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகரம் சதுர மீற்றருக்கு 2.36 கிலோகிராம், எங்கள் அளவுக்கு 10.5 கிலோகிராம். மெல்லிய தகடு காற்றில் படபடத்து மடியாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் சட்டம் வேண்டும். அதைச் சேர்த்தால் 13.2. சதுர மீற்றருக்கு 2.96 கிலோகிராம், கணக்கில் மணிக்கு 28 கிலோமீற்றர், நடைமுறையில் 39. அதாவது நாங்கள் வெளியே போகக்கூடாதென்று விதித்த ஆறாம் தரக் காற்றின் வாசலில்தான் அது ஏறத் தொடங்கும். அரை மில்லிமீற்றர் அலுமினியத் தகடு சதுர மீற்றருக்கு 1.35 கிலோகிராம், சட்டத்தோடு மொத்தம் 8.7 கிலோகிராம், சதுர மீற்றருக்கு 1.95. நடைமுறைத் தேவை 32 கிலோமீற்றர், ஐந்தாம் தரக் காற்று. ஏற்றுவதை மட்டும் கருதினால் அலுமினியம் முடியாத காரியமில்லை.

ஆனால் இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் தெருக்களில் போகும் கம்பிகளில் சில 33,000 வோல்ற்று மின்னைச் சுமப்பவை. ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் எந்தப் பட்டத்தையும் கம்பிகளுக்கு அருகில் ஏற்றக்கூடாது என்பது உண்மைதான். எனினும் அறுந்துபோகும் தகட்டுப் பட்டம் காற்றோடு எங்கே போய் விழும் என்பதை யாராலும் சொல்ல முடியாது, விழுகின்ற இடத்தில் இரண்டு கம்பிகளை ஒன்றாகத் தொட்டால் அதன் விளைவை அனுபவிக்கப்போவது அந்தத் தெருவில் இருப்பவர்கள். வெட்டிய தகட்டின் விளிம்பு, பட்டத்தின் உடலை ஏற்றும் கயிற்றோடு இணைக்கும் முச்சைக் கயிற்றையும் அறுக்கும், பிடிக்கும் கையையும் அறுக்கும். விளிம்பை மடித்துத் தட்டி மழுக்கலாம். கடத்தும் தன்மையை எதனாலும் மழுக்க முடியாது. தகரத்தையும் அலுமினியத்தையும் நான் எதிர்ப்பது இந்தக் காரணத்தால், பாரத்தால் அன்று.

ஒட்டுப்பலகை எனக்கே மிகவும் பிடித்த தெரிவாக நீண்ட காலம் இருந்தது. 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை சதுர மீற்றருக்கு 1.8 கிலோகிராம் அளவில் இருக்கும். அது தானே விறைப்பானது. முதுகில் இரண்டு சிலாகைகளை வைத்தால் போதும் என்பதால், உடலுக்கு 8 கிலோகிராம், சட்டத்துக்கு 1.6 என்று மொத்தம் 9.6 கிலோகிராமில் முடிந்துவிடும். சதுர மீற்றருக்கு 2.15, நடைமுறையில் மணிக்கு 33 கிலோமீற்றர் காற்று. மின்சாரம் கடத்தாது. கடையில் வரும் 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றோடு இன்னொன்றின் பாதியைப் பொருத்தினால் எங்கள் அளவு வந்துவிடும், தச்சு வேலை தெரிந்தவர் ஒருவர் ஒரே நாளில் செய்து தருவார். இடமும் வலமும் ஒரே பாரமாக அமைவதும் பலகையில் தான் எளிது, ஏனென்றால் அதன் தடிப்பு எங்கும் ஒன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்கடிக்கு மூன்றடி அளவில் இதே பலகையால் ஒரு பட்டம் கட்டினேன். 2.4 கிலோகிராம். நல்ல காற்றுள்ள ஒரு மாலையில் அது ஏறி இருபது நிமிடம் நின்றது. அந்த இருபது நிமிடத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பிறகு காற்று ஒரு கணம் தளர்ந்து மீண்டும் அடித்தபோது பட்டம் பக்கவாட்டில் சரிந்து, தலைகீழாகக் குத்தி, விளிம்பு முன்னே வர ஈர மணலில் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கி இரண்டாகப் பிளந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் என் அக்காவின் மகன் அந்த இடத்திலிருந்து கயிற்றை எடுக்க நகர்ந்திருந்தான். "மாமா, உது பட்டமில்லை, கோடாலி" என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. 9.6 கிலோகிராம் பலகை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் குத்தினால், அதே பலகையை 14 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது ஓங்கி வளர்ந்த பனையொன்றின் பாதி உயரத்திலிருந்து, போட்டதற்குச் சமம். விழும்போது வளையாத, நொறுங்காத, விளிம்போடு இறங்குகின்ற எந்தப் பொருளும் இந்தக் குறையிலிருந்து தப்பாது. ஏறும்போது உதவுகின்ற விறைப்பே இறங்கும்போது ஆபத்தாகிறது என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

இனிப் பனையோலைப் பாய். இதைச் சொன்னவர் எங்களில் இளையவர்; சொன்னபோது மற்ற நால்வரும், நான் உட்பட, அதைப் பொருட்படுத்தவில்லை. தரையில் விரிப்பதும், நெல்லும் ஒடியலும் காயவிடுவதுமான ஒரு பொருளை வானத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் இலையால் பட்டம் கட்டுவது உலகில் புதியதன்று. இந்தோனேசியாவின் முனா தீவில் காட்டுக் கிழங்குக் கொடியின் காய்ந்த இலைகளை மூங்கில் சிராய்களால் தைத்து ‘ககாத்தி’ என்னும் பட்டத்தைக் கட்டுகிறார்கள். அந்த இலை இலேசானது; எங்கள் பனையோலை அப்படியன்று. வீட்டில் இருந்த பாயில் ஒரு சதுர மீற்றர் அளந்து நிறுத்தபோது 700 கிராம் காட்டியது. முழு அளவுக்கு 3.1 கிலோகிராம். சட்டம் 2.3, கட்டுக் கயிறும் முச்சையும் 0.3. மொத்தம் 5.7 கிலோகிராம், சதுர மீற்றருக்கு 1.28. கணக்கில் மணிக்கு 18 கிலோமீற்றர், நடைமுறையில் 26. நான்காம் தரக் காற்றுக்குள் அடங்குகிறது. சாக்கைவிடப் பாரமாக இருந்தும் அது சாக்கைவிடத் திறமாக நிற்கும் என்று நான் நம்புவது, ஓலை தட்டையாகவும் அகலமாகவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால் காற்று ஊடுருவும் வழி மிகக் குறைவு என்பதால்.

பாயின் மிகப் பெரிய நன்மை அது விழும் விதம். மூன்றடி அளவில் கட்டிய மாதிரியை வேண்டுமென்றே கயிற்றைத் தளர்த்திக் குத்தவிட்டோம். நிலத்தில் பட்டவுடன் முன்விளிம்பு மடங்கி, பாய் சுருண்டு, சட்டத்தின் ஒரு குச்சி மட்டும் முறிந்தது. மணலில் குழி விழவில்லை. ஐந்து பொருள்களையும் ஒப்பிடும்போது என் மனத்தில் மற்ற எல்லாவற்றையும் தாண்டி நின்றது இந்தக் காட்சிதான்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. முதலாவது ஈரம். அதிகாலைப் பனியில் விட்ட பாய்த்துண்டு பத்தில் ஒரு பங்கு பாரம் கூடியிருந்தது. இரண்டு மணித்தியால வெய்யிலில் பழைய நிலைக்கு வந்தது. ஆகவே விடியற்காலையில் ஏற்றும் ஆசையைக் கைவிட்டு, பத்து மணிக்குப் பின்னர் ஏற்ற வேண்டும். இரண்டாவது இழுபடுதல். எங்கள் பாய் சாய்வாக இழைத்தது. ஓலைகள் விளிம்புக்குக் குறுக்காக ஓடுவதால் நீளப்பக்கமாகவும் அகலப்பக்கமாகவும் இழுத்தால் அது நெகிழ்ந்து கொடுக்கிறது. நடுவில் சிலுவைபோல இரண்டு குச்சிகளை மட்டும் வைத்தால் பாய் தொய்ந்து பை போலாகிவிடும். நான்கு விளிம்புகளையும் சட்டம் பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது, கையால் இழைத்த பொருள் என்பதால் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்றுப் பாரமாக இருக்கும். நடுக்குச்சியின் இரண்டு முனைகளிலும் கட்டித் தொங்கவிட்டு, உயரும் பக்கத்தின் விளிம்பில் சிறு ஓலைத் துண்டுகளைச் செருகி ஒப்புரவாக்கலாம்.

ஓலை இழைக்கும் பன்னவேலை செய்யும் ஆச்சி ஒருவரிடம் எங்கள் தேவையைச் சொன்னபோது, அவர் சிரிக்காமல் அக்கறையோடு கேட்டார். "பட்டத்துக்கெண்டால் சார்வோலையை ஒடுக்கமா வார்ந்து நெருக்கி இழைக்க வேணும் தம்பி, நீங்கள் வைச்சிருக்கிற பாய் படுக்கிறதுக்கு இழைச்சது" என்றார். சார்வோலை என்னும் இளம் பனையோலையை ஒடுக்கமாக வார்ந்தால் முடிச்சுகள் கூடி இழுபடுதல் குறையும் என்றும், ஓலையை நன்றாகக் காயவைத்தே இழைக்க வேண்டும், பச்சையாக இழைத்தால் காய்ந்த பிறகு இடைவெளி விழும் என்றும் அவர் விளக்கினார். பாய் இழைந்த பின் பின்புறத்தில் புளியங்கொட்டைப் பசையை மெல்லியதாகப் பூசலாம் என்பது எங்கள் எண்ணம். மாதிரியில் அது எஞ்சியிருந்த சிறு துவாரங்களையும் அடைத்தது, பாயையும் சற்று விறைப்பாக்கியது.

சட்டத்துக்கு எதை வைப்பது என்பதிலும் ஒரு விவாதம் நடந்தது. எல்லாமே பனையாக இருக்கட்டும் என்று ஒருவர் பனஞ்சிலாகையை முன்மொழிந்தார். கூரைக்கு அது நிகரற்றது. ஆனால் அதே குறுக்களவு மூங்கிலைவிட மிகவும் பாரமானது, வளைத்தால் நார் பிளந்து சிராயாகிறது. மூங்கில் உள்ளே வெறுமையாக இருப்பதால் பாரத்துக்கு ஏற்ற வலிமையில் அதை வெல்ல எங்கள் ஊரில் வேறு பொருள் இல்லை. நெடுக்குக் குச்சிக்கும் விளிம்புகளுக்கும் மூங்கில், வளைய வேண்டிய குறுக்கு வில்லுக்குக் கமுகஞ்சிலாகை என்று தீர்த்துக்கொண்டோம். நிபந்தனை உடலுக்குத்தான், சட்டத்துக்கன்று என்பதால் இதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

வடிவத்தைப் பற்றி நீளமாகப் பேசவேண்டியதில்லை. பெட்டிப் பட்டத்தை 1893இல் உருவாக்கிய லோறன்ஸ் ஹாக்ரேவ், அடுத்த ஆண்டு நவம்பரில் அவுஸ்திரேலியாவின் ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து 16 அடி உயரத்துக்குத் தாமே ஏறினார். உறுதியில் அந்த வடிவம் சிறந்தது. ஆனால் பெட்டியின் பக்கச் சுவர்கள் தூக்காமல் பாரமாக மட்டும் இருப்பவை. பாரமான பொருளில் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆகவே தட்டையான செவ்வகப் பட்டம், முதுகில் நாண் கட்டி வில்லாக வளைத்தது, நீண்ட வாலோடு. காற்றில் கூவி ஒலி எழுப்பும் விண் என்னும் கருவியைப் பூட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். இந்தப் பட்டம் ஏறுவதற்குத் தேவையான காற்றிலேயே விண் நன்றாகக் கூவும். பொதி கட்டும் நாடாவை இழுத்துக் கட்டிய ஒரு விண் பாரத்தில் பெரிய வேறுபாட்டைத் தராது. பட்டம் ஒருமுறை சரியாக நின்ற பிறகு பூட்டலாம் என்பது என் கருத்து.

கயிற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எங்கள் பரப்பளவுக்கு மணிக்கு 29 கிலோமீற்றர் காற்றில் இழுவை 18 கிலோகிராம் பாரத்துக்குச் சமம்; காற்று 43 கிலோமீற்றராக உயர்ந்தால் அது 39 ஆகிறது. இது பட்டம் பாயாலானதோ பலகையாலானதோ என்பதைப் பொறுத்ததன்று, பரப்பளவைப் பொறுத்தது. மீன்பிடிக்கும் நைலோன் இழையான தங்கூசி இந்த இழுவையைத் தாங்கினாலும் கையை அறுக்கும். 4 மில்லிமீற்றர் நைலோன் கயிறு தாராளமாகப் போதும். ஆனால் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் என்பதால், உயரம் கூடக் கூடப் பட்டம் கயிற்றையும் சுமக்கிறது என்பதை நினைவில் வைத்து 80 மீற்றருக்கு மேல் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கயிற்றின் முனையை மணலில் ஆழப் புதைத்த கட்டையில் கட்ட வேண்டும், ஆளின் இடுப்பிலோ கையிலோ சுற்றக்கூடாது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றும்போது, உடன் பிடித்தவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஒருவரை அது வானுக்குத் தூக்கிச் சென்ற காணொளியை இங்கே பார்க்காதவர்கள் குறைவு. அவர் உயிர் தப்பியது எல்லோருக்கும் பெரிய ஆறுதல். எங்கள் பட்டம் அவ்வளவு பெரியதன்று. ஆனாலும் ‘விடு’ என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் ஒன்றாக விட வேண்டும் என்பதையும், அந்தச் சொல்லைச் சொல்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்.

ஆகவே என் தெரிவு பனையோலைப் பாய். பாரத்தில் அது ஐந்துக்கும் நடுவில் இல்லை, இலேசான பக்கத்தில் இரண்டாவதாகவே இருக்கிறது. பாரமான பட்டம் என்று பெயர் வைத்துவிட்டுப் பாரம் குறைந்ததைத் தெரிகிறோமே என்று பலகையின் பக்கம் நிற்கும் நண்பர் கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. திசுத்தாளால் கட்டிய அதே அளவுப் பட்டம் சதுர மீற்றருக்கு 100 கிராம் அளவில் இருக்கும். எங்களுடையது அதைப்போல ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு பாரமானது. நான்காம் தரக் காற்றில் ஏறி, ஒரு மணித்தியாலம் நின்று, தவறினால் ஒருவரையும் காயப்படுத்தாமல் இறங்கக்கூடிய எல்லைக்குள் இருக்கின்ற பொருள்களில் இதைவிடப் பாரமானது எனக்குக் கிடைக்கவில்லை. அலுமினியமும் பலகையும் அந்த மூன்றில் முதலாவதைத் தவறவிடுகின்றன, மூன்றாவதையும் தவறவிடுகின்றன.

நண்பர் இன்னும் முழுமையாக உடன்படவில்லை. அரை அளவில், நான்கடிக்கு மூன்றடியாக, பாயிலும் பலகையிலும் ஒவ்வொன்று கட்டி, மார்கழி நடுவில் ஒரே நாளில், ஒரே கட்டையில், ஒன்றன்பின் ஒன்றாக மணற்காட்டில் ஏற்றிப் பார்ப்பதென்று பேசியிருக்கிறோம். பலகை ஏறும்போது கயிறு பிடிப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் பட்டத்துக்கு நேர் கீழே உள்ள பகுதியை விட்டு விலகிக் காற்று வரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. பெரிய பாய்க்கான சார்வோலை இப்போது ஆச்சியின் முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது.